ஓரிரவு இருக்கை

அக்கா மகன் அந்த மடிக்கணினியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தான்.

"மாமா, கேம் பயங்கரமா லேக் அடிக்குது. நடந்தா நிக்குது, நின்னா பறக்குது."

தொட்டுப் பார்த்தேன். அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி சுட்டது. விசிறி உள்ளே முக்கி முனகிக்கொண்டிருந்தது. மூடியில் தமிழ்நாடு அரசு முத்திரை, முன்னாள் முதல்வரின் படம். படத்தில் பாதி தேய்ந்துவிட்டது. அக்கா கல்லூரியில் படித்தபோது கொடுத்த விலையில்லா மடிக்கணினி. காஞ்சிபுரம் ஓரிக்கையில் எங்கள் தெருவில் மட்டும் இதேபோல ஐந்தாறு இருந்தன. ஒன்று கல்யாண ஆல்பம் பார்க்கும் பெட்டியாக இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்றவை எந்தப் பரணில் கிடக்கின்றனவோ.

அந்தத் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15. அண்ணா பிறந்தநாள். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அந்தத் தேதியை யாரும் சொல்லித்தர வேண்டாம். சரியாக மூன்று ஆண்டு கழித்து, 2014-இல் அதே செப்டம்பர் 15 அன்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஸ்வீடன் நாட்டு மோஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் அந்த மடிக்கணினியும் மோஜாங் விளையாட்டின் வழியில் வந்த ஒரு விளையாட்டும் இப்போது என் மேசையில் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருப்பதால் தேதி ஞாபகத்துக்கு வந்தது.

விளையாட்டு இதுதான்: உலகம் முழுக்கக் கட்டைகள். மண் கட்டை, கல் கட்டை, மரக் கட்டை. வெட்டலாம், அடுக்கலாம். ஜெயிக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. மணலில் உட்கார்ந்து வீடு கட்டும் குழந்தைக்கு யாராவது மதிப்பெண் போடுகிறார்களா? அதனால்தான் இந்த வகைக்கே மணற்பெட்டி விளையாட்டு, சாண்ட்பாக்ஸ், என்று பெயர். அந்த வகையின் பெரிய பெயர் மோஜாங்கின் மைன்கிராஃப்ட். மருமகன் விளையாடுவது மைன்கிராஃப்ட் இல்லை, அதைப் பார்த்து யாரோ செய்த இன்னொன்று. ஆனால் இவை எல்லாமே வந்த பாதை மைன்கிராஃப்டின் பாதைதான். அந்தப் பாதையில் ஒரு வேடிக்கை உண்டு. மைன்கிராஃப்ட் பிறந்து வளர்ந்ததே பிரவுசருக்குள். பிறகு வெளியே போனது. அதன்பின் அந்தக் கதவு அடைபட்டது. பிறந்து பத்து வருஷம் கழித்து வேறு கதவு வழியாகத் திரும்பி வந்தது.

2009 மே மாதம், ஸ்டாக்ஹோமில் மார்க்கஸ் பெர்சன் என்ற நிரலாளர் ஓய்வு நேரத்தில் எழுதத் தொடங்கினார். சக்கரி பார்த் என்பவர் செய்திருந்த இன்ஃபினிமைனர் என்ற விளையாட்டைப் பார்த்துப் பிடித்த பொறி. எழுதியது ஜாவா மொழியில். மே 17 அன்று முதல் வடிவத்தை வெளியே விட்டார். ஜாவாவில் எழுதினால் அதை ஆப்லெட் ஆக்கி இணையப் பக்கத்துக்குள் செருகலாம். அப்படித்தான் செருகினார். கிளாசிக் என்று பின்னால் பெயர் வாங்கிய அந்த வடிவத்தை இறக்கி நிறுவ வேண்டியதில்லை. பக்கத்தைத் திறந்தால் போதும், ஆடலாம்.

ஆப்லெட்டை நான் முதலில் பார்த்தது பிரவுசிங் சென்டரில். மணிக்குக் காசு. பக்கத்தின் நடுவில் ஒரு சாம்பல் பெட்டி, அதில் ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை. அது விளையாட்டாக மாறும் என்று காத்திருப்போம். பாதி நேரம் மாறாது. காசு மட்டும் ஓடும்.

அந்தப் பழைய கிளாசிக் உலகின் அளவு 256 கட்டை நீளம், 256 கட்டை அகலம், 64 கட்டை உயரம். பெருக்கினால் 41,94,304 கட்டைகள். ஒரு கட்டை என்ன ரகம் என்று குறித்து வைக்க ஒரு பைட் போதும். ஆக முழு உலகமும் சரியாக 4 எம்பி. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோ அளவு. மலை, கடல், குகை எல்லாம் அதற்குள். இதை நான் வியந்து வியந்து சொல்வேன், மருமகன் "சரி மாமா" என்பான்.

பிறகு உலகம் எல்லை இல்லாமல் விரிந்தது. 2010-இல் நடக்க நடக்கப் புது நிலம் முளைக்கும்படி மாற்றினார் பெர்சன். ராத்திரியில் பேய் பிசாசு, பிழைக்கச் சோறு, தோண்டச் சுரங்கம். 2011 நவம்பர் 18 அன்று முழு வடிவம் வந்தபோது அது வீட்டுக் கணினியில் நிறுவ வேண்டிய பெரிய விளையாட்டாகிவிட்டது. பிரவுசர் அதற்கு விட்டுப்போன பழைய வாடகை வீடு. 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றாயிற்று.

விட்டுப்போன வீடும் நிலைக்கவில்லை. ஆப்லெட் ஓடப் பிரவுசருக்குள் ஜாவா செருகி ஒன்று தேவை. அந்தச் செருகியில் ஓட்டைக்கு மேல் ஓட்டை. 2013 ஜனவரியில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே, பிரவுசரில் ஜாவாவை நிறுத்தி வையுங்கள் என்று மக்களிடம் சொன்னது. 2015 செப்டம்பரில் குரோம் இவ்வகைச் செருகிகளை அடியோடு வெட்டியது. 2017 மார்ச்சில் பயர்பாக்ஸும் கதவைச் சாத்தியது. காப்பிக் கோப்பை ஆறிப்போனது.

இங்கே எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன். பல்லவ அரசன் தன்னைப் பாடச் சொன்னான், அவர் மாட்டேன் என்றார், ஊரைவிட்டுப் போ என்று அரசன் சொல்லிவிட்டான். சீடர் கிளம்பினார். ஆழ்வாரும் கூடவே கிளம்பினார். போகிற போக்கில் பெருமாளிடம், நாங்கள் போகிறோம், நீயும் உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். பெருமாளும் அப்படியே சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். மூவரும் அன்றிரவு தங்கிய இடம் இது. ஓர் இரவு இருக்கை மருவி ஓரிக்கை ஆனது என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தையும் சொல்லும். காஞ்சி இருண்டு போக, அரசன் ஓடி வந்து கெஞ்ச, எல்லோரும் திரும்பினார்கள். படுக்கை மறுபடி விரிந்தது. சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்ற பெயர் அதனால்தான். கோயில் இன்றும் காஞ்சியில் இருக்கிறது.

பிரவுசரில் பெரிய விளையாட்டு ஓடுவதை யாராவது என்னிடம் விளக்கச் சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சுருட்டிய படுக்கைதான். மூட்டை கட்டி வந்து, ஒரு டேபுக்குள் விரித்து, ராத்தங்கி, டேபை மூடியதும் சுருட்டிக்கொண்டு போய்விட வேண்டும். வீட்டுக்காரனின் அலமாரியைத் தொடக்கூடாது. ஜாவா செருகி தொட்டது, அதனால்தான் துரத்தினார்கள்.

திரும்பி வந்த வழிக்கு மூன்று படியாகப் பாதை போட்டார்கள் எனலாம். வ்லாதிமிர் வுகிசெவிச் 2006-இல் மொசில்லாவில் முப்பரிமாணப் படம் வரையும் சோதனை ஒன்றைச் செய்தார். அதிலிருந்து முளைத்த வெப்ஜிஎல் 2011 மார்ச்சில் தரநிலையானது. செருகி எதுவும் இல்லாமலே பிரவுசர் நேராகக் கிராபிக்ஸ் சிப்பிடம் பேசத் தொடங்கியது. அதே மொசில்லாவில் அலோன் ஸகாய் என்பவர் சி, சி++ மொழியில் எழுதியதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் எம்ஸ்கிரிப்டன் என்ற கருவியைச் செய்தார். 2013-இல் அன்ரியல் எஞ்சின் 3-ஐ நாலே நாளில் பிரவுசருக்குள் கொண்டுவந்து காட்டினார்கள். அந்த நாலு நாள் செய்தி அன்று பலரைத் தூங்கவிடவில்லை. அடுத்து 2017-இல் வெப்அசெம்ப்ளி, முக்கியமான நான்கு பிரவுசர்களிலும். படித்துப் புரிந்து ஓட்டுவதற்குப் பதில், முன்பே அரைத்து வைத்த மாவு. ஊற்றினால் தோசை.

2019 மே மாதம், பத்தாவது பிறந்தநாளுக்கு, மோஜாங் நிறுவனமே பழைய கிளாசிக்கை மறுபடி பிரவுசரில் திறந்துவிட்டது. இந்த முறை ஜாவாஸ்கிரிப்டில். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் பெயரிலும் எழுத்துத் தோற்றத்திலும் ஒத்துப்போகும், ஆனால் இரண்டும் வேறு வேறு மொழிகள். கட்டை ரகம் 32 மட்டும். உலகம் அதே சின்ன உலகம். ஆனால் காப்பிக் கோப்பைக்குக் காத்திருக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு அது போதவில்லை. அவர்களுக்கு முழு விளையாட்டு வேண்டும், அதுவும் பள்ளிக் கணினியில், நிறுவாமல். ஜாவாவில் கம்பைல் ஆனதை ஜாவாஸ்கிரிப்டாகவோ வெப்அசெம்ப்ளியாகவோ திருப்பித் தரும் டீவிஎம் என்ற கருவி இருந்தது. அதை வைத்து யாரோ 1.5.2, 1.8.8 போன்ற பழைய முழு வடிவங்களையே பிரவுசருக்குள் இறக்கிவிட்டார்கள். ஈக்ளர்கிராஃப்ட் என்று பெயர். நிரலாளனாகப் பார்த்தால் அசந்துபோகும் வேலை. ஆனால் உரிமை வாங்காதது. காப்புரிமைப் புகார் போய் மூலநிரல் கிடங்குகள் மூடப்பட்டன. அதன் பிரதிகளை வைத்திருக்கும் பெயர் தெரியாத தளங்கள் என்னென்ன விளம்பரம் காட்டும், பின்னணியில் எதை ஓட்டும் என்பதற்கு யார் பொறுப்பு? மருமகனை அந்தப் பக்கம் விடவில்லை. 2023 இறுதியில் குரோமும் பயர்பாக்ஸும் வெப்அசெம்ப்ளிக்குள்ளேயே, வேலை முடிந்த பொருள்களைப் பெருக்கித் தள்ளும் 'குப்பை அள்ளும்' வசதியைச் சேர்த்ததிலிருந்து ஜாவா போன்ற மொழிகளுக்குப் பிரவுசர் இன்னும் சுமுகமான வீடாகிவிட்டது. ஆகவே நேர் வழியிலேயே நல்லவை வரும்.

சரி, கட்டைதானே, ஏன் இவ்வளவு திணறுகிறது?

நான் ஜக்கார்டு தறிக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கிறவன். கட்டம் கட்டமாக வாழ்கிறவன். அதனால் இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கும். 16 கட்டை நீளம், 16 அகலம், 16 உயரம் உள்ள ஒரு கல் திட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4,096 கட்டை. கட்டைக்கு ஆறு முகம், ஆக 24,576 முகம். கிராபிக்ஸ் சிப்புக்கு முக்கோணம் மட்டும்தான் தெரியும். முகத்துக்கு இரண்டு வீதம் 49,152 முக்கோணம். ஒரே ஒரு திட்டுக்கு! கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும். இதை அப்படியே வரையச் சொன்னால் எந்த மடிக்கணினியும் தோசைக்கல்தான்.

ஆனால் உள்ளே புதைந்த கட்டையை யார் பார்க்கப்போகிறார்கள்? கல்லும் கல்லும் ஒட்டியிருக்கும் முகங்களைத் தள்ளிவிட்டால் மிச்சம் மேல்தோல் மட்டும்: 1,536 முகம். அடுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஒரே ரகமாக இருப்பவற்றைச் சேர்த்து ஒரே பெரிய சதுரமாக்கினால் வெறும் 6 முகம். 12 முக்கோணம். 49,152 எங்கே, 12 எங்கே! திட்டைச் சுற்றி முழுக்க மண் மூடியிருந்தால் பூஜ்யம். இந்தச் சேர்ப்பு வேலைக்கு நிரலாளர்கள் வைத்த பெயர் பேராசை முறை. பக்கத்துக் கட்டமும் ஒரே நிறமா, அதையும் வாரிக்கொள். 2012-இல் மிகோலா லைசென்கோ இதை விளக்கி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பலர் சொந்தமாகக் கட்டை உலகம் கட்ட இறங்கினார்கள்.

அப்பா இதைக் கேட்டுவிட்டு, "இதுல என்னடா அதிசயம்?" என்றார். புட்டா போடும்போது ஜரிகையைப் புடவை அகலம் முழுக்க இழுத்துக்கொண்டு போவது ஒரு வகை. பின்னால் தொங்குவதை அப்புறம் வெட்ட வேண்டும், ஜரிகை பாழ். புட்டாவுக்குப் புட்டா தனி நாடா வைத்து, பூ இருக்கும் இடத்தில் மட்டும் ஜரிகையை ஓட்டுவது இன்னொரு வகை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் செலவு. அவர் கைக்கு இது ஐம்பது வருஷப் பழக்கம். விலை கூடிய பொருள் எதுவென்பது மட்டும் மாறியிருக்கிறது. அங்கே ஜரிகை, இங்கே மில்லிசெகண்ட்.

மில்லிசெகண்ட் கணக்கும் சொல்லிவிடுகிறேன். திரை ஒரு விநாடிக்கு 60 படம் காட்ட வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். அதற்குள் விசை அழுத்தியதைக் கேட்டு, உலகை நகர்த்தி, வரைந்து முடிக்க வேண்டும். தவறினால் அந்தப் படம் போச்சு. இதில் மருமகனும் அவன் கூட்டாளிகளும் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று. 60-க்கும் 20-க்கும் நடுவே குதிக்கிற விளையாட்டைவிட, மாறாமல் 30-இல் ஓடுகிற விளையாட்டுதான் கண்ணுக்கு வழுவழு.

தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவனுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் தூக்கத்திலும் அப்பாவின் தறி கேட்கும். வேகமாக அடித்தாலும் மெதுவாக அடித்தாலும் தூக்கம் கலையாது. ஒரு அடி விட்டுப்போனால் கலைந்துவிடும். பாவு நூல் அறுந்திருக்கும், நிறுத்தி முடிச்சுப் போடுவார். பிரவுசர் விளையாட்டில் அப்படி அடி விடுவதற்குப் பெரிய காரணம் குப்பை அள்ளுவது. ஜாவாஸ்கிரிப்டில் வேலை முடிந்த பொருள்களை அவ்வப்போது பிரவுசரே பெருக்கித் தள்ளும். பெருக்கும் நேரத்தில் ஆட்டம் நிற்கும். நன்றாக எழுதியவர்கள் குப்பையே போட மாட்டார்கள். முதலிலேயே நீளமான பைட் வரிசை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். புது நிலம் உருவாக்குகிற வேலையைப் பின்கட்டில் இருக்கும் வொர்க்கர் என்ற பின்னணி நிரலிடம் கொடுத்துவிட்டு, முன்கட்டில் வரைவதை மட்டும் பார்ப்பார்கள்.

இதெல்லாம் எழுதியவர் கையில் இருப்பது. எங்கள் கையில் இருந்தது ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

அடிமூடியைக் கழற்றினோம். விசிறிக்கும் தாமிரத் தகட்டுக்கும் நடுவே கனத்த மெத்தை மாதிரி தூசு. மருமகன் இடுக்கியால் பிடித்து இழுத்தான், உரித்த தோல் போல ஒரே துண்டாக வந்தது. சாம்பல் நிறத்தின் நடுவே அரக்குச் சிவப்பு இழை, கொஞ்சம் பச்சை, ஒரு நகக்கண் நீளத்துக்கு ஜரிகை. தறி இருந்த வீட்டில் எத்தனை வருஷம் இருந்த பெட்டி! அந்தச் சிவப்பு அக்கா கல்யாணத்துக்கு அப்பா நெய்ததாக இருக்கலாம் என்றாள் அக்கா. இருக்காது, அது வேறு அரக்கு என்றார் அப்பா. அதைப்பற்றி அரை மணி நேரம் பேச்சு.

காற்றோட்டம் அடைத்துப்போனால் சிப் சுட்டுவிடாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேம் தொடங்கிப் பத்து நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு இழுக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான். தலையணை மேல் வைத்து ஆடுவதும் இதே பலனைத் தரும். அவன் அதையும் செய்துகொண்டிருந்தான்.

அடுத்த சிக்கல், விண்டோஸ் 7. 2023 ஜனவரிக்குப் பிறகு குரோம் அதற்குப் புது வடிவம் தருவதில்லை, 109-உடன் நின்றுவிட்டது. லேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றினேன். ராமை 2 ஜிபியிலிருந்து 4 ஆக்கினேன், பழைய சாமான் கடையில் கிடைத்தது. அப்படியும் இழுத்தது. பிரவுசரின் உள் பக்கத்தில் பார்த்தால், கிராபிக்ஸ் சிப்பை அது நம்பவே இல்லை. பழைய டிரைவர் என்று ஒதுக்கிவிட்டு, எல்லா முக்கோணத்தையும் சிபியுவை வைத்தே வரைந்துகொண்டிருந்தது. தறி சும்மா நிற்க, கையாலேயே பாய் முடைவது மாதிரி. ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்ற பொத்தான் அணைந்து கிடந்தது; போட்டு, டிரைவரைச் சரிசெய்த பிறகுதான் விசிறியின் முனகல் அடங்கியது.

கடைசியாக இரண்டு பேரம். திரை 1366-க்கு 768, அதாவது 10,49,088 புள்ளி. விளையாட்டை மட்டும் இரண்டு பக்கமும் பாதியாகச் சுருக்கி வரையச் சொன்னால் புள்ளி கால்வாசி ஆகிவிடும். கட்டை உலகம்தானே, கொஞ்சம் கரடுமுரடாகத் தெரிந்தால் என்ன. பார்வைத் தூரம் 8 திட்டு என்று இருந்தது. நாலு பக்கமும் எட்டு என்றால் 17-க்கு 17, 289 திட்டு. அதை 4 ஆக்கினால் 9-க்கு 9, 81. தூரம் பாதி, வேலை கால்வாசிக்குச் சற்று மேல். "தூரத்துல மலை தெரியல மாமா" என்றான். பனிமூட்டம் என்று வைத்துக்கொள் என்றேன். மார்கழியில் பாலாற்றுப் பக்கம் போனால் அப்படித்தானே இருக்கிறது.

ஓடியது. 30-இல், ஒரு அடி விடாமல். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை, காலால் தரையில் தாளம் போட்டார்.

நான் அத்தோடு விட்டிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் லேசாகட்டும் என்று மறுநாள் அவன் பள்ளிக்குப் போனதும் பிரவுசரைச் சுத்தம் செய்தேன். ஹிஸ்டரி, குக்கீ, தளங்கள் சேமித்தது எல்லாவற்றுக்கும் டிக் அடித்து, அழி. பிரவுசர் விளையாட்டு வன்தட்டில் தன் பெயரில் கோப்பு எதுவும் வைப்பதில்லை. பிரவுசர் தனக்கென ஒதுக்கும் அறையில்தான் உலகை வைக்கிறது. அந்த அறையைத்தான் நான் கழுவிவிட்டேன். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை.

சாயங்காலம் வந்து திறந்தான். வெறும் புல்வெளி. ஊரில் இருக்கும் மணிமண்டபத்தைப் பார்த்துப் பார்த்து மூன்று வாரமாகத் தூண் தூணாக எழுப்பிக்கொண்டிருந்தானாம். கல் தேர்ச் சக்கரம்கூட ஒன்று முடித்திருந்தானாம். நான் பார்த்ததே இல்லை. வேகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழவில்லை. கொஞ்ச நேரம் புல்வெளியில் இப்படியும் அப்படியும் நடந்தான். பிறகு ஒரு இடத்தில் நின்று நிலத்தைச் சமன் செய்ய ஆரம்பித்தான். அன்றிலிருந்து ராத்திரி மூடுவதற்கு முன் உலகைக் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொள்கிறான். பென்டிரைவ் அவன் புத்தகப் பையில், அவன் மட்டும் அறிந்த ஒரு ஜிப்புக்குள்.

"மாமா," என்றான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாளைக்கு எதையும் க்ளீன் பண்ணிடாதீங்க."